புறம்போக்கு அலைவரிசை

2021 ஜூன். பனியன் கம்பெனிகள் மூடுவதும் திறப்பதுமாக இருந்த நாட்கள். முதலிபாளையத்தில் சிட்கோவை ஒட்டிய எங்கள் லைன் வீட்டில், தம்பி வீட்டிலிருந்தே மெர்ச்சண்டைசர் வேலையைப் பார்ப்பதற்காக வைஃபை இணைப்பு வாங்கியிருந்தான். ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பையன் வந்து, "ராத்திரி ஆனா நெட்டு சுத்தமா போயிருதுங்க அக்கா" என்றான். அவனுக்கும் அந்தக் கடவுச்சொல் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. போய்ப் பார்த்தேன். ரூட்டரின் மேல் ஒரு பெரிய எவர்சில்வர் குண்டா கவிழ்த்து வைத்திருந்தது.

வைத்தது அம்மா. தம்பியின் மனைவி அப்போது ஆறு மாதம் சுமந்திருந்தாள். ரூட்டர் அவள் தலைமாட்டில் இருந்தது.

"ஏங்கண்ணு, அந்தப் பெட்டியும் கரண்டு அடுப்பும் ஒண்ணாமா? ரெண்டுலயும் ஒரே கதிருதான் வருதாமா. சூப்பர்வைசர் சொன்னாரு. வயித்துப் புள்ளக்காரி பக்கத்துல அதை வெக்கலாமா?"

அம்மா முப்பது வருடமாகச் செக்கிங் டேபிளில் நிற்பவர். துணியில் ஊசி பட்ட ஓட்டையை எட்ட நின்றே கண்டுபிடிப்பவர். அவர் கேட்டதைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். இயற்பியல் துறைத் தோழி ஒருத்தியின் உதவியோடு இந்தக் கேள்வியின் பின்னால் போனேன். போன பிறகு தெரிந்தது, சூப்பர்வைசர் சொன்னதில் பாதி முழு உண்மை.

மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது 2,450 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வைஃபையின் பழைய வரிசை 2,400க்கும் 2,483.5க்கும் இடையில். இரண்டும் ஒரே தெருவில் குடியிருப்பவை. அடுப்பு ஓடும்போது வைஃபை தடுமாறுவதும் அதனால்தான். சமையலறைச் சாமானும் தகவல் தொழில்நுட்பமும் எப்படி ஒரே தெருவுக்கு வந்தன?

கதை போரில் தொடங்குகிறது. 1940 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் என்ற இருவர் குழிவு மேக்னட்ரானை இயக்கிக் காட்டினார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி, ஆனால் வலுவான நுண்ணலைகளை உண்டாக்கியது. எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்கும் ரேடாருக்கு அதுதான் தேவைப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் அது அமெரிக்காவுக்குக் கொண்டு போகப்பட்டது. அங்கே ரேதியான் நிறுவனம் அதைப் பெருமளவில் தயாரித்தது. போர் முடிந்தபோது மேக்னட்ரான்கள் ஏராளமாக இருந்தன, சண்டை இல்லை. ரேதியானில் இருந்த பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் மிட்டாய் உருகியது என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்போம். மிட்டாய் எப்படியோ, 1945 அக்டோபரில் அவர் சமையலுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தது பதிவில் இருக்கிறது. 1947இல் வந்த முதல் ரேடார்ரேஞ்ச் அடுப்பு ஆள் உயரம், 340 கிலோ எடை. உணவகங்களும் கப்பல்களும்தான் அதை வாங்க முடிந்தது. மேசை மேல் வைக்கும் அளவில், 495 டாலருக்கு, அது வீட்டுக்கு வந்தது 1967இல்.

அதே 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் பன்னாட்டு வானொலி மாநாடு கூடி, எந்த அலைவரிசை யாருக்கு என்று பிரித்தது. வானொலிக்கு, விமானத்துக்கு, கப்பலுக்கு என்று பட்டா போட்டுக் கொடுத்தபோது, 2,450ஐச் சுற்றிய ஒரு துண்டைத் தொழிற்சாலை, அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கு ஒதுக்கினார்கள். அடுப்பு போன்றவை அங்கே இரைச்சல் போடலாம். செய்தி அனுப்ப வருகிறவர்கள் அந்த இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அது புறம்போக்கு. தண்ணீர் மூலக்கூறு அந்த ஓர் அலைவரிசைக்குத்தான் ஆடும், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாடப்புத்தகம் போலச் சொல்வார்கள். அது சரியில்லை. அறை வெப்பத்தில் தண்ணீர் நுண்ணலையை மிக அதிகமாக உறிஞ்சுவது 20 கிகாஹெர்ட்ஸ் பக்கம். 2,450இல் தண்ணீர் மட்டுமே ஆடும் என்ற மாயம் எதுவும் இல்லை. சட்டம் ஒதுக்கிய இடம் அது.

புறம்போக்கில் குடிசை போடப் பட்டா கேட்க வேண்டியதில்லை. 1985இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், குறைந்த சக்தியில் இயங்கும் பரவல் அலைக் கருவிகள் உரிமம் இல்லாமல் இந்த வரிசையில் இயங்கலாம் என்றது. 1997இல் வைஃபையின் முதல் தரநிலை வந்தது. இந்தியாவில் 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று அரசு அறிவிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் எங்கள் லைன் வீட்டுக்கு அந்தப் பெட்டி வர வழி பிறந்தது. அடுப்பால் கெட்டுப்போன நிலம் என்று பெரிய நிறுவனங்கள் விலை கொடுக்காத இடத்தில்தான் வைஃபை குடியேறியது. ஒரே கதிர் என்பதன் வரலாறு இவ்வளவுதான்.

இனி சூப்பர்வைசர் சொல்லாமல் விட்ட பாதி. அம்மாவிடம் நான் இப்படித்தான் சொன்னேன்: "சாமி விளக்குல எரியறதும் நெருப்பு, சாயப்பட்டறை பாய்லர்ல எரியறதும் நெருப்பு. விளக்குகிட்ட உக்காந்து பூ கட்டுவே. பாய்லர்கிட்ட உக்காருவியா?"

வீட்டு அடுப்பு உள்ளே செலுத்துவது 700 முதல் 1,000 வாட். அதுவும் உலோகப் பெட்டிக்குள், நாலாபுறமும் மோதித் திரும்பி, ஒரு கிண்ணம் சோற்றின் மேல் விழும்படி. வீட்டு ரூட்டர் வெளியிடுவது பொதுவாக 0.1 வாட் அளவு, அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் பெட்டிக்குள் அடைபடாமல் எல்லாத் திசையிலும் பரவிக் கரைகிறது. ஒரு மீட்டர் தள்ளி நின்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.008 வாட், தூரம் இரட்டிப்பானால் அதில் கால் பங்கு. நம் நாட்டில் 2012 செப்டம்பர் முதல் செல்போன் கோபுரங்களுக்கு இந்த அலைவரிசையில் வைத்திருக்கும் வரம்பு சதுர மீட்டருக்கு 1 வாட். பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கு அது. ஒரு மீட்டரில் ரூட்டர் தருவது அந்த வரம்பிலும் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு.

இன்னொன்றும் உண்டு. எக்ஸ் கதிர் உடலுக்குள் மூலக்கூறுகளை உடைக்கும். நுண்ணலைத் துகளுக்கு அந்த வலு இல்லை. டியூப்லைட் ஒளித்துகளின் ஆற்றலில் ஏறத்தாழ இரண்டு லட்சத்தில் ஒரு பங்குதான் அதற்கு. நுண்ணலை நிச்சயமாகச் செய்வதாக நாம் அறிந்தது சூடாக்குவது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: எத்தனை வாட், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

அம்மா கவிழ்த்த குண்டாவுக்கு வருவோம். நுண்ணலையை உலோகம் தடுத்துவிடும். அடுப்பின் பெட்டியும் கண்ணாடிக்குள் தெரியும் ஓட்டை போட்ட தகடும் செய்கிற வேலையைத்தான் அந்தக் குண்டாவும் செய்தது. பள்ளியைத் தாண்டாத ஒரு பெண்ணின் கை சரியாகச் செய்த பாதுகாப்பு ஏற்பாடு அது.

பயந்த பெண்களைப் பற்றி இந்த வரலாற்றில் கேலிதான் அதிகம். ஆனால் பயம் கேள்வியாக மாறிய இடங்களில் கருவிகள் திருந்தியிருக்கின்றன. 1967இல் அமெரிக்காவில் சில வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலிருந்து எக்ஸ் கதிர் கசிந்தது தெரியவந்து, மறு ஆண்டு மின்னணுச் சாமான்களின் கதிர்வீச்சுக்கென்றே சட்டம் வந்தது. அதன் கீழ் 1971 அக்டோபர் முதல் மைக்ரோவேவ் அடுப்புகளுக்குக் கசிவு வரம்பு வந்தது. அடுப்பின் ஆயுள் முழுவதும், 5 சென்டிமீட்டர் தூரத்தில், சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. கதவைத் திறந்தால் மேக்னட்ரான் நின்றுவிடும் பூட்டுகளும் கட்டாயமாயின. 1973இல் அங்குள்ள நுகர்வோர் சங்கம், எந்த அடுப்பையும் முழுப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என எழுதியது. இன்று கதவைத் திறந்ததும் அடுப்பு சட்டென்று அடங்குகிறதே, அது இப்படிக் கேட்டவர்களால் வந்தது. அந்த 5 மில்லிவாட் கசிவு, ஒரு மீட்டர் தள்ளி ரூட்டர் தருவதைப் போல ஆறாயிரம் மடங்கு. ஆனாலும் கதவு வளைந்த அடுப்பைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் எச்சரித்ததில்லை.

அடுப்பைப் பற்றிப் பெண்ணிய நோக்கில் எழுதப்பட்ட முக்கியமான நூல் ஒன்று உண்டு. சிந்தியா காக்பர்ன், சூசன் ஆம்ராட் இருவரும் 1993இல் வெளியிட்டது. தொழிற்சாலையில் தொடங்கி, கடை வழியாகச் சமையலறை வரை மைக்ரோவேவ் அடுப்பைப் பின்தொடர்ந்து போனார்கள். வடிவமைக்கும் பொறியாளர்கள் ஆண்கள். அதில் சோறும் கறியும் வேகுமா என்று சோதிக்கும் மனையியல் நிபுணர்கள் பெண்கள். முன்னது அறிவு, பின்னது கைப்பழக்கம் என்று மதிக்கப்பட்டதை அவர்கள் காட்டினார்கள். படித்தபோது எனக்குப் பவர் டேபிளும் கைமடியும் நினைவுக்கு வந்தன. மெஷினில் உட்கார்ந்தால் டெய்லர், பக்கத்தில் நின்று மடித்துக் கொடுத்தால் கைமடி. கூலியும் அதன்படிதான்.

அலைகளை ஆராய்ந்த பெண்களும் இருந்தார்கள். ஹாலிவுட் நடிகை ஹெடி லமார் வைஃபையைக் கண்டுபிடித்தார் என்று மகளிர் தினத்துக்கு மகளிர் தினம் சொல்கிறார்கள். அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் 1942இல் பெற்ற காப்புரிமை, அலைவரிசை தாவும் ரகசியச் செய்தி முறைக்கு. புளூடூத் இன்றும் தாவித்தான் பேசுகிறது. 1997 வைஃபையில் அது ஒரு வழியாக இருந்தது, இன்றைய வீட்டு வைஃபையில் இல்லை. இல்லாத மகுடத்தைச் சூட்டினால், இருக்கும் சாதனையையும் ஒருநாள் பறித்துவிடுவார்கள்.

நான் சொல்ல விரும்புவது ரூபி பெயின் ஸ்காட்டைப் பற்றி. 1912இல் பிறந்த ஆஸ்திரேலிய இயற்பியலாளர். சிட்னி பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் ஆய்வகத்தில் இருந்தபோது, வில்லியம் லவ் என்பவரோடு சேர்ந்து, கோழிக்கரு திசுக்களைப் பூமியின் காந்தப்புலத்தைப் போல 5,000 மடங்கு வரை வலுவான புலத்தில் வைத்து வளர்த்துப் பார்த்தார். வேறுபாடு எதுவும் தெரியவில்லை என்று 1936இல் வெளியிட்டார். என் அம்மா கேட்ட வகைக் கேள்விதான்: கண்ணுக்குத் தெரியாத புலம் கருவை என்ன செய்யும்? 1941இல் அரசின் கதிரலை இயற்பியல் ஆய்வகத்தில் ரேடார் வேலைக்குச் சேர்ந்தார். 1947இல் சக ஆய்வாளர்களோடு அவர் எழுதிய கட்டுரை, ஃபூரியே கணிதத்தால் வானொலி அலைகளிலிருந்து வானத்தின் படத்தை உருவாக்க முடியும் என்று காட்டியது. திருமணமான பெண்ணுக்கு நிரந்தர அரசு வேலை கிடையாது என்பது அன்றைய ஆஸ்திரேலிய விதி. அவர் 1944இலேயே ரகசியமாக மணம் செய்துகொண்டிருந்தார். தெரியவந்ததும் 1950இல் நிரந்தரப் பணி பறிபோனது. மகப்பேறு விடுப்பும் இல்லாததால், பிள்ளை பிறக்குமுன் 1951இல் வேலையை விட்டார். அந்த விதி போனது 1966இல்தான். அதே ஆய்வு நிறுவனத்தின் பிற்காலக் குழு ஒன்று, ஜான் ஓ'சல்லிவன் தலைமையில், வானொலி வானியலில் பழகிய ஃபூரியே கணிதத்தைக் கையிலெடுத்து, அறைச் சுவர்களில் மோதிச் சிதறும் அலைகளைச் சரிசெய்யும் முறைக்கு 1996இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. இன்றைய வேகமான வைஃபைக்கு அது ஓர் அடித்தளம். ரூபி வைஃபையைக் கண்டுபிடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆய்வு மரபைத் தொடங்கியவர்களில் ஒருத்தியைப் பிள்ளைப்பேற்றுக்காக வெளியே அனுப்பினார்கள் என்று மட்டும் சொல்வேன்.

ரூட்டரும் அடுப்பும் இருப்பது வீட்டில். கருவைப் பற்றிய அக்கறையும் வீட்டோடு நின்றுவிடுகிறது. தொழிற்சாலையில் என்ன நடந்தது? எங்கள் பகுதிக்குத் தெரிந்த ஓர் இயந்திரத்தையே சொல்கிறேன். சாயமேற்றிய நூல் கோன்களை உலர்த்த ரேடியோ அலை உலர்த்தி உண்டு. 27.12 மெகாஹெர்ட்ஸ், பத்து பத்தாகக் கிலோவாட். மைக்ரோவேவ் அடுப்பின் பெரியம்மா என்று வைத்துக்கொள்ளலாம். இதே அலைவரிசையில் சில கிலோவாட்டில் இயங்குவது பிளாஸ்டிக் ஒட்டும் இயந்திரம். மழைக்கோட்டு, பை, கோப்புறை எல்லாம் அதில் ஒட்டப்படும். இயக்குபவர் கை மின்முனைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இந்த இயந்திரங்களைப் பற்றி எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது 1979 டிசம்பரில். 1988இல் வெளியான சுவீடன் ஆய்வு, இந்த இயந்திரங்களில் வேலை செய்தவர்களிடம் விரல் மரத்துப்போவதையும் தொடு உணர்வு குறைவதையும் கண்டது. 1993இல் அமெரிக்கப் பெண் இயன்முறை மருத்துவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு, கர்ப்பத்தின் தொடக்கத்தில் மைக்ரோவேவ் வெப்பச் சிகிச்சைக் கருவியை அதிகம் இயக்கியவர்களிடம் கருச்சிதைவு சற்றுக் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. குற்றலைக் கருவியில் அப்படி இல்லை. ஓர் ஆய்வு தீர்ப்பாகிவிடாது. ஆனால் ஆண்டுகளைப் பாருங்கள். கருவிகள் வேலைக்கு வந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அவற்றின் முன்னால் நின்ற பெண்களிடம் கேட்டிருக்கிறார்கள்.

ரூட்டர் பற்றிய பயம் இன்னொரு வேலையும் செய்கிறது. தொலைநிலைக் கல்வியில் வரலாறு படிக்கும் ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் சந்தேகம் கேட்க வருவாள். கம்பெனி விடுதியில் தங்கி ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவள். பாடக் காணொளிகளைப் பார்க்க விடுதியில் வைஃபை கேட்டிருக்கிறார்கள். "வயசுப் புள்ளைங்களுக்குக் கர்ப்பப்பைக்கு ஆகாது" என்று வார்டன் மறுத்துவிட்டார். அதே கட்டடத்தில், அவள் படுக்கும் அறைக்குச் சுவரடுத்த அலுவலகத்தில், இன்வாய்ஸ் அனுப்ப ரூட்டர் இரவும் பகலும் எரிகிறது. அலை சுவரைத் தாண்டும், கடவுச்சொல் தாண்டாது. சுமங்கலித் திட்ட விடுதிகளைப் பற்றி வந்த அறிக்கைகளில், போன் பேசவும் வெளியே போகவும் இருந்த தடைகள் பதிவாகியிருக்கின்றன. அன்று தடைக்குப் பெயர் ஒழுக்கம். இன்று ஆரோக்கியம் என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது.

அதற்காக அலைகளைப் பற்றிக் கேள்வியே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2011 மே மாதம் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கக் கூடும்' என்ற 2பி வகுப்பில் வைத்தது. காதோடு ஒட்டிப் பேசும் செல்போன் ஆய்வுகளே அதற்கு முக்கிய அடிப்படை. 2024இல் உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்த பெரிய மீளாய்வில், செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. மொட்டைமாடிக் கோபுரத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், 2017 முதல் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் விண்ணப்பித்து அளக்கச் சொல்லலாம். அதற்கு வைத்த கட்டணம் 4,000 ரூபாய். அம்மா ஒரு வாரம் முழுக்க நின்றாலும் அவ்வளவு கிடைக்காது. அளவு என்பதும் காசுள்ளவர்களுக்கே எட்டுகிறது.

அன்று மாலை அம்மாவும் நானும் ரூட்டரைத் தலைமாட்டிலிருந்து எடுத்து வாசல் பக்கச் சுவரில், உயரத்தில் மாட்டினோம். பயத்துக்காக இல்லை, மருமகள் நிம்மதியாகத் தூங்க. குண்டா அடுக்களைக்குப் போனது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு நெட்டு வந்தது. இரவு சாப்பிடும்போது அம்மா கேட்டார்:

"அந்த லிஸ்ட்டுன்னு சொன்னியே, எது எது கெடுதின்னு வகுப்பு பிரிச்சது. அதுல நாங்க கறை எடுக்கறமே, கன்னுல ஊத்தற தண்ணி, அது இருக்குதா? அது அடிச்சா மண்டை கிர்ருங்குது கண்ணு. டப்பாவுல பேரே போட்டிருக்காது."

கறை எடுக்க ஆடைத் தொழிலில் உலகெங்கும் பயன்பட்டுவந்த கரைப்பான்களில் ஒன்று டிரைகுளோரோஎத்திலீன். ரூட்டரின் அலையைக் 'கூடும்' என்ற வகுப்பில் வைத்த அதே முகமை, 2012இல் அந்தக் கரைப்பானை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகுப்பில் வைத்தது. அம்மாவின் டப்பாவில் இருப்பது அதுதானா என்று தெரிய ஒரு சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். அது ஒட்டப்படவில்லை. ரூட்டரைப் பற்றி அக்கறையாக எச்சரித்த சூப்பர்வைசர், அந்த டப்பாவைப் பற்றி முப்பது வருடத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"நாளைக்கு அந்த டப்பாவை ஒரு போட்டோ எடுத்துட்டு வாம்மா" என்றேன்.

"போன் உள்ள கொண்டுபோக உடமாட்டாங்க" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் யோசித்தார். "மணந்து பாத்துச் சொல்றேன், எழுதிக்க. செக்கிங்ல இருக்கற எல்லாருகிட்டயும் கேக்கறேன். அவங்களுக்கும் கிர்ருங்குதான்னு."

எழுதிக்கொண்டேன். அந்த நோட்டில் இப்போது பதினேழு பேர் இருக்கிறார்கள்.